மக்கள் பணத்தில் விளைந்த அறிவு மக்களுக்கே!

திருப்பரங்குன்றம் மலையில் கற்படுக்கைகள் கொண்ட குகை ஒன்று இருக்கிறது. அங்கே பாறையில் தமிழ் பிராமி எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழத்துக் குடும்பிகன் ஒருவன் செய்த தானத்தை அவை கூறுகின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பு அந்தச் செய்தியை வெட்டியவர்கள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. திறந்த பாறையில் பொறித்தார்கள். எழுத்தறிந்த எவரும் நின்று படிக்கலாம். படிப்பதற்குக் காசு கேட்பாரில்லை.

அதே மலையின் அடிவாரத்து ஊரில் இன்று பொறியியல் கல்லூரி இருக்கிறது. மதுரையில் 1966 முதல் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாடெங்கும் இத்தகைய ஸ்தாபனங்களில் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. அவற்றின் முடிவுகளை இந்த ஊரின் பள்ளி ஆசிரியரோ, சிறு மருத்துவரோ, படித்த விவசாயியோ எடுத்துப் படிக்க முடியுமா? பெரும்பாலான கட்டுரைகளை முடியாது! ஒரே ஒரு கட்டுரையைப் படிக்க 30 டாலர், 40 டாலர் என்று விலை போட்டிருக்கிறார்கள். நம் கணக்கில் அது சுமார் மூவாயிரம் ரூபாய். ஒரு கூலித் தொழிலாளியின் பல நாள் கூலி.

இந்த விலை யாருக்குப் போகிறது? ஆராய்ச்சி செய்த விஞ்ஞானிக்கா? அவருக்கு ஒரு காசு கிடையாது. அவருக்குச் சம்பளம் கொடுப்பது சர்க்கார். சோதனைக்கூடம் மக்களின் வரிப்பணத்தில் எழுந்தது. கட்டுரையின் குறைநிறைகளைச் சரிபார்ப்பவர்கள் மற்ற விஞ்ஞானிகள்; அவர்களும் பெரும்பாலும் கூலியின்றியே அந்த வேலையைச் செய்கிறார்கள். கடைசியில் பதிப்புரிமை பிரசுரக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்படுகிறது. கம்பெனி அதையே மூட்டை கட்டி, அதே பல்கலைக்கழகங்களுக்குச் சந்தா என்ற பெயரில் விற்கிறது!

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். இங்கே அதைவிட மோசம். உழுதவன் நெல்லை மண்டிக்காரரிடம் இனாமாகக் கொடுத்துவிட்டு, தன் வீட்டுச் சோற்றுக்கு அதே நெல்லை அவர் சொல்லும் விலைக்கு வாங்குகிறான். இந்த வியாபாரத்தில் நஷ்டம் எப்படி வரும்? உலகின் மிகப் பெரிய விஞ்ஞானப் பிரசுர நிறுவனங்களில் ஒன்றான எல்ஸ்வியர் இருக்கும் பிரிவு, 100 ரூபாய் வரவுக்கு 35 ரூபாய்க்கு மேல் லாபம் காட்டி வருகிறது. வேறு எந்தத் தொழிலில் இத்தகைய லாபம் சுலபமாகக் கிடைக்கும்?

மத்திய சர்க்கார் இதற்கு என்ன செய்தது? 2024 நவம்பர் 25 அன்று "ஒரே தேசம், ஒரே சந்தா" என்ற திட்டத்துக்கு மந்திரி சபை சம்மதம் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பிரசுரக் கம்பெனிகள். ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகள். 6,300க்கு மேற்பட்ட சர்க்கார் கல்வி, ஆராய்ச்சி ஸ்தாபனங்கள். சுமார் 1 கோடியே 80 லட்சம் மாணவர்களும் ஆசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களும் பயனடைவார்கள் என்று அறிவிக்கப்பட்டது.

இதில் நன்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சஞ்சிகைகளையே கண்ணால் பாராத எத்தனையோ சிறு நகரத்து சர்க்கார் கல்லூரிகளுக்குக் கதவு திறக்கிறது. ஏழை மாணவனுக்கு அது பெரிய உதவிதான். ஆனால் வருஷத்துக்கு 2,000 கோடி ரூபாய் கொடுத்து நாம் வாங்கியது என்ன? சாவியை வாடகைக்கு வாங்கியிருக்கிறோம். பூட்டு பூட்டாகவே இருக்கிறது. தவணை முடிந்ததும் மறுபடி பேரம், மறுபடி பணம். பொது நூலகத்துக்கு வருகிறவர் இந்தத் திட்டத்தின் கணக்கில் இல்லை. மதுரையில் 2023ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் எவரும் நுழைந்து புத்தகம் படிக்கலாம். நம் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சிக்கு மட்டும் அங்கே ஏன் தடை?

வேலி உயர்ந்தால் வேலியில் பொத்தல் விழத்தான் செய்யும். கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா எல்பாக்யான் என்ற இளம்பெண் 2011ல் தொடங்கிய சை-ஹப் இணையதளத்தில் உலக மாணவர்கள் காசில்லாமல் கட்டுரைகளைப் படித்தார்கள். எல்ஸ்வியர், வைலி, அமெரிக்க ரசாயனச் சங்கம் மூன்றும் 2020 டிசம்பரில் டில்லி ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தன. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்கும்படி உத்தரவாயிற்று. சட்டத்தை மீறுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பொத்தலை அடைத்துவிட்டீர்கள், சரி. வாசலை எப்போது திறக்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

வாசலைத் திறக்கிறோம் என்று கம்பெனிகளும் சொல்கின்றன. எப்படி? படிப்பவனிடம் வாங்காமல் எழுதுகிறவனிடம் வாங்குவார்களாம்! "நேச்சர்" சஞ்சிகை 2020ல் ஒரு கட்டுரைக்கு அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். மதுரையின் ஆராய்ச்சி மாணவன் எங்கே போவான்? முன்பு படிக்க முடியாமல் நின்றவன் இனி எழுத முடியாமல் நிற்பான். இது திறப்பு அல்ல. சுங்கச் சாவடியை வேறு இடத்துக்கு மாற்றும் வேலை.

பூட்டு கம்பெனிகளிடம் மட்டும் இருப்பதாகவும் எண்ண வேண்டாம். மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கிறது கீழடி. மத்தியத் தொல்லியல் துறையின் சார்பில் 2014 முதல் 2016 வரை அங்கே அகழாய்வு நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா, 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் சமர்ப்பித்தார். இரண்டு வருஷங்களுக்கு மேல் அது வெளிவரவில்லை. 2025 மே மாதம் திருத்தம் வேண்டுமென்று இலாகா கேட்டது. தம் முடிவுகள் ஆதாரப்பூர்வமானவை என்று அவர் பதிலளித்தார். மாறாக, பின்னர் அங்கே தோண்டிய தமிழகத் தொல்லியல் துறை, நான்காம் கட்ட ஆய்வின் முடிவுகளை 2019லேயே புத்தகமாக வெளியிட்டது. கரிமக் கணக்கின்படி ஒரு மாதிரி கி.மு. 580 என்ற காலத்தைக் காட்டியதை உலகம் அறிந்தது. ஏற்பவர் ஏற்றார், மறுப்பவர் மறுத்தார். விஞ்ஞானம் வளரும் வழி அதுவே. எந்தக் குழியில், எந்த அடுக்கில், எந்தப் பொருள் கிடைத்தது என்ற விவரங்கள் பகிரங்கமானால்தான் அறிஞர்கள் சோதிக்க முடியும். அறிக்கையில் தவறு இருந்தால் வெளியிட்டு மறுக்கட்டும்! அலமாரியில் இருக்கும் அறிக்கையை யார் திருத்த முடியும்?

இவையெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாத கனவா? இல்லை. 1996ல் பெர்முடாவில் கூடிய விஞ்ஞானிகள், மனித மரபணு விவரங்களை 24 மணி நேரத்துக்குள் உலகுக்குத் திறந்து வைப்பதென்று முடிவு செய்தார்கள். 2020 ஜனவரியில் கொரோனா கிருமியின் மரபணு விவரத்தை சீன விஞ்ஞானிகள் வெளியிட்டதால்தான் தடுப்பூசி வேலை சில நாட்களில் தொடங்கியது. பூட்டி வைத்திருந்தால் எத்தனை உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கும்! பிரேஸில் நாடு 1990களின் கடைசியிலிருந்து சையெலோ என்ற பொது ஏற்பாட்டின் மூலம் தன் சஞ்சிகைகளை இலவசமாகத் தருகிறது. நம் நாட்டிலும், சி.வி. ராமன் 1934ல் தோற்றுவித்த இந்திய விஞ்ஞான அகாதமி தன் சஞ்சிகைகளை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. சர்க்காரின் விஞ்ஞான இலாகாக்களே 2014 டிசம்பரில், தங்கள் பணத்தில் எழுதப்பட்ட கட்டுரைகள் பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்பட வேண்டும் என்று கொள்கை வகுத்தன. கொள்கை வகுத்ததோடு கடமை தீர்ந்துவிடுமா?

நமது கோரிக்கைகள் எளியவை. பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் கட்டுரையும் அதன் மூல விவரங்களும் குறித்த காலத்துக்குள் பொதுக் களஞ்சியத்தில் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த நிதி இல்லை என்று விதி செய்ய வேண்டும். வெளிநாட்டுச் சந்தாவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி, படிக்கவும் எழுதவும் கட்டணமில்லாத தரமான சஞ்சிகைகளை வளர்க்க வேண்டும். சந்தாத் திட்டம் இருக்கும் வரை பொது நூலகங்களையும் அதில் சேர்க்க வேண்டும். அகழாய்வு அறிக்கைகளை வெளியிட சட்டபூர்வமான கெடு வேண்டும்.

புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பதை நூலக இயலின் முதல் விதியாக 1931ல் வகுத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1948ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கண்டது. அந்தப் பாரம்பரியத்துக்கு உரிய தமிழகம் இந்தக் கோரிக்கையை முன்னின்று எழுப்ப வேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் விஞ்ஞானிகளும் நூலக ஊழியர்களும் ஒரே குரலில் பேசினால், எந்தப் பூட்டும் நீண்ட நாள் நிற்காது.