ஸ்டிக்கர் விசுவாசம்!

பொழிச்சலூர் முதல் தாம்பரம் வரை வசன ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. காலையில் மொபைலுக்கு வரும் வசனத்தைப் படிக்காமலே பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டால் தியானம் முடிந்தது!

1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் 'அ' எழுதிப் பழகினார். அது தாழ்மை. டேனிஷ் அதிகாரி சிறையில் அடைத்தும் ஊரைவிட்டு ஓடவில்லை. அது உண்மை. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது.

300 வருடம் தாண்டியும் என்ன மாற்றம்? ஞாயிறு தாழ்மைப் பிரசங்கம் கேட்டவர், திங்கள் பெண் பார்க்கப் போனால் முதலில் ஜாதியைத்தான் விசாரிக்கிறார். திருச்சியில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் எழுப்பினார்கள்!

அதிகம் வேண்டாம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் அதே டம்ளரில் காபி கொடுக்கட்டும். அன்றைய வசனம் பலித்துவிடும்.