கருகியது செடிதான், கிழங்கு இருக்கலாம்!

''பூச்சி தின்னும் கிழங்குச் செடி ஒன்றை மாடியில் வைத்திருந்தேன். மண்புழு உரமும் பஞ்சகவ்யாவும் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் கருகிவிட்டது. கொடைக்கானல் மலையில் இருந்து புதிதாகக் கிழங்கு தோண்டி வந்து தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? திருவண்ணாமலை வெயிலுக்கு இது வருமா?''

- வாசகி, ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை.

முதலில் செய்ய வேண்டியது, அந்தத் தொட்டியைத் தூக்கி எறியாமல் இருப்பது. வாசகி கடிதத்துடன் அனுப்பியிருக்கும் படத்தில் தண்டு காய்ந்து, இலைகள் பழுப்பாகிச் சாய்ந்து கிடக்கின்றன. உரத்தால் கருகினாலும் இந்தச் செடி இப்படித்தான் இருக்கும்; பருவம் முடிந்து உறக்கத்துக்குப் போனாலும் இப்படித்தான் இருக்கும். மேலே பார்த்து முடிவு சொல்ல முடியாது. தொட்டி மண்ணை ஒரு ஓரமாகச் சாய்த்து, விரலால் மெதுவாகக் கிளறிப் பார்க்க வேண்டும். பட்டாணி அளவிலோ, அதைவிடச் சிறியதாகவோ உருண்டையாக ஒரு கிழங்கு அகப்படும். அழுத்தினால் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று நசுங்கினால் முடிந்தது.

கண்வலிக்கிழங்கு சாகுபடி செய்யும் ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கத்து விவசாயிகளுக்கு இது எளிதாகப் புரியும். செங்காந்தளில் நட்ட கிழங்கு அந்த வருடமே சுருங்கிப்போகும். அதன் சத்தை எடுத்துக்கொண்டு புதுக்கிழங்கு உருவாகும். கொடி காய்ந்தபிறகு கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். வாசகி வளர்த்த செடியிலும் அதே கணக்குதான். தண்டின் அடியில் இருந்து வெள்ளை நூல் போன்ற ஒரு வேர்த்தண்டு கீழே இறங்கி, அதன் நுனியில் அடுத்த வருடத்துக்கான கிழங்கு திரளும். செடி பச்சையாக இருக்கும் சில மாதங்களில் அந்தக் கிழங்கு நிறைய வேண்டும். பாதியில் செடி கருகினால், கிழங்கு சிறுத்துப்போகும். அதற்கடுத்த வருடம் முளைக்கும் செடியும் சிறுத்திருக்கும்.

படத்தை வைத்துப் பார்த்தால், இது ட்ரோசிரா பெல்டேட்டா வகையைச் சேர்ந்தது. பிறை நிலா போன்ற இலை இருப்பதால், நம் நாட்டில் உள்ளதை ட்ரோசிரா லுனேட்டா என்றும் தாவரவியலாளர்கள் அழைக்கிறார்கள். இலையைச் சுற்றிலும் மயிர்க்கால்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் பனித்துளி போல ஒரு சொட்டுப் பசை. தமிழில் இந்தக் குடும்பத்துக்கு அழுகண்ணி என்று பெயர். (அதே பெயரைச் சொல்லி வேறு செடிகளைக் காட்டுபவர்களும் உண்டு. எச்சரிக்கை.) இந்தியாவில் அழுகண்ணி இனங்கள் 3 பரவலாகச் சொல்லப்படுகின்றன. அதில் கிழங்கு உள்ளது இது ஒன்றுதான். நீலகிரி, பழனி மலைகளின் உயரமான புல்வெளிகளில் மழைக்காலத்தில் முளைத்து, பூத்து, மழை ஓய்ந்ததும் மண்ணுக்குள் போய்விடும். மீதி இரண்டும், அதாவது பர்மனியும் இண்டிகாவும், சமவெளியில் ஈரம் நிற்கும் மணல், செம்மண் நிலங்களில் வரும் ஒருபருவச் செடிகள். அவற்றுக்குக் கிழங்கு கிடையாது; விதைதான் எல்லாம்.

இனி, கருகியது ஏன் என்று பார்ப்போம். அழுகண்ணி முளைக்கும் மண்ணில் சத்து கிடையாது. தழைச்சத்து இல்லாத குறையைத்தான் அது கொசு, சிற்றீ, எறும்பு என்று பிடித்துத் தீர்த்துக்கொள்கிறது. வேர் சின்னது, தண்ணீர் உறிஞ்சவே அதற்கு நேரம் போதாது. அந்த வேரில் உரம் பட்டால் தாங்காது. சார்லஸ் டார்வின் 1875-ல் பூச்சியுண்ணும் செடிகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதில் பெரும்பகுதி ஐரோப்பிய அழுகண்ணியைப் பற்றியது. மிக மிகக் குறைந்த அளவு அம்மோனியா உப்பு பட்டால்கூட இலை மயிர்கள் வளைவதை அவர் பதிவு செய்தார். 1878-ல் அவருடைய மகன் பிரான்சிஸ் டார்வின், இலைகளில் துளித்துளியாக இறைச்சி வைத்த செடிகள், வைக்காத செடிகளைவிட அதிக விதை கொடுத்ததைக் காட்டினார். ஆக, இதற்குச் சாப்பாடு இலை வழியாகத்தான். நமக்கு உயிராக இருக்கும் பஞ்சகவ்யா இந்தச் செடிக்கு எமன். பஞ்சகவ்யாவைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

உரத்தைவிடப் பெரிய சந்தேகம் தண்ணீர் மேல். செங்கம் சாலையை ஒட்டிய வீடுகளில் போர்வெல் தண்ணீர்தான் பெரும்பாலும் மாடிக்கு ஏறுகிறது. பாறைக்குள் இருந்து வரும் தண்ணீரில் உப்பு இருக்கும். கத்திரி, வெண்டை அதைத் தாங்கும், அழுகண்ணி தாங்காது. டி.டி.எஸ் மீட்டரில் 50-க்குக் கீழே காட்டும் தண்ணீர்தான் இதற்குப் பாதுகாப்பு. மழைநீர் சிறந்தது. முதல் மழையில் மாடியைக் கழுவ விட்டு, இரண்டாவது மழையில் இருந்து மூடிபோட்ட டிரம்மில் பிடித்து வைத்தால், சில தொட்டிகளுக்கு மாதக்கணக்கில் வரும். அது தீர்ந்தால் ஆர்.ஓ தண்ணீர்.

அடுத்து, கிழங்கு வாங்குவது. வாங்கக் கூடாது. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் செடியைத் தோண்டி எடுப்பது தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன்படி குற்றம். தேசியப் பூங்கா, சரணாலயம் என்றால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், தோண்டுபவர் செடி தெரியும்போதுதான் தோண்டுவார். அப்போது பழைய கிழங்கு வற்றி, புதுக்கிழங்கு நிறையாமல் இருக்கும். கையில் வருவது பெரும்பாலும் சாகப்போகும் செடிதான். வருடா வருடம் 50 பேருக்கு இப்படித் தோண்டிக் கொடுத்தால் அந்தப் புல்வெளியில் என்ன மிஞ்சும்? மருந்துக்காகவும் இதே செடி தோண்டப்படுகிறது. ஆயுர்வேதத்தில் பஸ்பம் தயாரிக்க இது சேர்க்கப்படுவதாகச் சொல்வார்கள். இதில் உள்ள பிளம்பாஜின் என்ற பொருள் நம் ஊர் கொடிவேலி வேரிலும் இருக்கிறது. தோல் எரியும் சரக்கு. வீட்டில் யாரும் கைவைத்தியம் செய்து பார்க்க வேண்டாம். வெளிநாட்டில் இருந்து தபாலில் கிழங்கு வரவழைப்பதும் வேண்டாம். 2003-ம் ஆண்டு தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் அது வர முடியாது.

வாசகியின் கிழங்கு கெட்டியாக இருந்தால் இப்படிச் செய்து பார்க்கலாம். உரம் பட்ட மண்ணை முழுவதும் மாற்ற வேண்டும். பீட் ஒரு பங்கு, நன்றாகக் கழுவிய மணல் ஒரு பங்கு. மணலில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கைப்பிடி மணலில் வினிகர் ஊற்றினால் போதும். நுரை கட்டினால் அந்த மணல் வேண்டாம். தென்னை நார்க்கழிவைப் பலமுறை மழைநீரில் அலசாமல் சேர்க்கக் கூடாது. அதிலும் உப்பு உண்டு. தொட்டி 15 சென்டிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். கிழங்கை நான்கு விரல் ஆழத்தில் வைத்து, கிட்டத்தட்ட உலர்ந்த மண்ணில், வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் விட்டுவிட வேண்டும். முளை தெரிந்தபிறகுதான் தட்டில் தண்ணீர் நிறுத்த வேண்டும். தோன்றிய போதெல்லாம் தோண்டிப் பார்ப்பது கிழங்கைக் கொல்லும் பழக்கம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கோடையில் 40 டிகிரி தொடும் திருவண்ணாமலை மாடியில், மலைச்செடி நிலைத்து நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஊட்டி, கொடைக்கானலில் வீடு உள்ளவர்களுக்குத்தான் அது தோதான செடி. பெருக்குவதும் மெதுவாகத்தான் நடக்கும்: நன்றாக வளர்ந்த செடி சில சமயம் பக்கக் கிழங்கு விடும், விதையில் இருந்து என்றால், பூக்கும் அளவுக்கு வர வருடங்கள் ஆகும்.

ரமணாசிரமம் பகுதிக்கு ஏற்றது பர்மனி அழுகண்ணி. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தரையோடு ஒட்டிய செடி. அழுகண்ணிகளில் வேகமானவற்றில் ஒன்று; ஓர மயிர்கள் சில நொடிகளில் பூச்சியின் மேல் மடங்கும். வீட்டில் வளர்ப்பவர்களிடம் விதையாகவே கிடைக்கும். அதே பீட், மணல் கலவை. ஐப்பசி மழை தொடங்கியதும், பொடி போன்ற விதையை ஈர மண்ணின் மேல் தூவ வேண்டும். மண் போட்டு மூடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். நேர் மழை விதையை அடித்துப்போகும் என்பதால், மேலே கண்ணாடியோ பிளாஸ்டிக் தாளோ வேண்டும். தட்டில் எப்போதும் ஒரு விரல் மழைநீர். காலை வெயில் போதும். தீபத்துக்குப் பிறகு வரும் பனிக்காலம் இதற்கு நல்ல பருவம். தை, மாசியில் பூக்காம்பு வரும். காய் கறுத்ததும் வெள்ளைத் தாளை அடியில் பிடித்துத் தட்டினால் விதை கொட்டும். பங்குனி வெயிலில் செடி போய்விடும், அதற்காக வருத்தப்பட வேண்டாம். விதையைத் தாளில் மடித்து, காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் அடுத்த ஐப்பசிக்கு ஆகும்.

''மாடித்தோட்டத்து வெள்ளை ஈயை இது பிடிக்குமா?'' என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி இருக்கிறது. நாலைந்து பிடிக்கும். மற்றதற்கு மஞ்சள் ஒட்டுப்பொறிதான்.