பச்சை மாத்திரையா? வளர்ந்த தொட்டியைப் பற்றிக் கேளுங்கள்!

"குழந்தைக்கு ஸ்பைருலினா கொடுக்கலாமா டாக்டர்?" என்று தாய்மார்கள் அடிக்கடி கேட்கிறார்கள். டப்பாவில் 'புரதம் 60 சதவிகிதம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் படிக்கிறோம். அது எந்தத் தண்ணீரில், எந்த வெயிலில் வளர்ந்தது என்று மட்டும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான்!

ஸ்பைருலினா நாங்கள் படித்த சித்த மூலிகை அல்ல. ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக்கரை மக்கள் காயவைத்து உணவில் சேர்த்துக்கொள்கிற நீலப்பச்சைப் பாசி. ஆனாலும் மூலிகைக்குச் சொன்ன விதி இதற்கும் பொருந்தும். நிலமும் நீரும் வெயிலும் மாறினால் குணமும் மாறும்.

இதற்குச் சோடா உப்பு கலந்த காரத் தண்ணீர் வேண்டும். பி.ஹெச். அளவு 9-லிருந்து 10.5 வரை இருந்தால் மற்றப் பாசிகள் எளிதில் தலைகாட்டாது. காரம் குறைந்தால் வேண்டாத பாசியும் கூடவே வளரும். தண்ணீரின் சூடு 35 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் செழிக்கும். 20-க்குக் கீழே போனால் மந்தமாகிவிடும்.

வெளிச்சம்தான் நுட்பமான சமாச்சாரம். வெயில் கூடக்கூட வளர்ச்சியும் கூடும் என்று நினைக்காதீர்கள். அளவுக்கு மிஞ்சினால் பாசி திணறிப்போகும். பைகோசயனின் என்ற நீல நிறமி குறைந்து வெளிறும். தண்ணீர் சில்லென்று இருக்கும் காலை நேரத்தில் சுள்ளென்று வெயில் அடித்தால் பாதிப்பு இன்னும் அதிகம். இதற்காகத்தான் நிழல்வலை கட்டுகிறார்கள். பாசி அடர்ந்துவிட்டாலோ, மேலே இருப்பது கீழே இருப்பதற்கு வெளிச்சத்தை மறைத்துவிடும். அதனால் தொட்டியில் ஆழம் குறைவாகத் தண்ணீர் விட்டுக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவு கவனம் இல்லாத இடத்தில் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்துக் கிளாமத் ஏரியில் வேறொரு வகை நீலப்பச்சைப் பாசியை அள்ளி மாத்திரையாக்கி விற்கிறார்கள். ஈரலைக் கெடுக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சைத் தரும் பாசியும் அந்த ஏரியில் வளரும். அதனால் அந்த மாநில அரசு 1997-ல், ஒரு கிராம் பாசியில் 1 மைக்ரோகிராமுக்கு மேல் அந்த நஞ்சு இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டியது. தண்ணீரில் ஈயமோ ஆர்சனிக்கோ இருந்தால் அதையும் பாசி உறிஞ்சிக்கொள்ளும்.

அதனால் எங்கே வளர்ந்தது, கன உலோகமும் நஞ்சும் பரிசோதித்த சான்று உண்டா என்று கடைக்காரரையும் கம்பெனியையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். இதை நம்பி பி12 மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்கு உதவாத போலி பி12.

புரதக் கணக்கையும் பாருங்கள். 3 கிராம் பொடியில் கிடைப்பது சுமார் 2 கிராம் புரதம்தான். ஒரு கிண்ணம் சுண்டலில் அதைவிட அதிகம் கிடைக்குமே! பிள்ளைக்கு முதலில் அதைக் கொடுங்கள்.