வணிகப் பட்டமும் மூடிய வாயிலும்

விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்திற்குச் சருக்கரை ஆலையாலும், 2010-இல் தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியாலும் பெயருண்டு. அவ்வூரைச் சூழ நடக்கும் வணிகமெல்லாம் தமிழ் வணிகமே. கரும்பு உழவர் எடை கேட்பது தமிழில். உரக்கடைக்காரர் கடன் எழுதுவது தமிழில். சந்தையில் விலை பேசுவதும் தமிழில். ஆயின், அம்மண்ணின் பிள்ளைகள் அவ்வணிகத்தையே பட்டப்படிப்பாகப் பயிலப் புகுங்கால், தமிழ் கல்லூரி வாயிலிலேயே நிறுத்தப்பெறுகின்றது.

மேனிலைப் பள்ளியில் அம்மாணவர் கணக்குப்பதிவியலைத் தமிழில்தான் கற்றனர். பேரேடு, குறிப்பேடு, இருப்பாய்வு, தேய்மானம் என்னும் சொற்கள் அவர்க்குக் கைவந்தவை. ஆயின் வணிகவியலும் வணிக மேலாண்மையும் பெரும்பாலான கல்லூரிகளில் ஆங்கிலத்திலேயே நடத்தப்பெறுகின்றன. அறிந்த பொருளுக்கே அயற்பெயர் தேடுவதில் மூன்றாண்டும் கழிகின்றன. சொல்லை நெட்டுருச் செய்கின்றனர். பொருளைக் கோட்டை விடுகின்றனர். பின்னர் நேர்காணலில், தெரிந்த கணக்கையும் எடுத்துச் சொல்ல நா எழாமல் நிற்கின்றனர். உடனே, 'பட்டம் பெற்றும் வேலைக்குத் தகுதியில்லை' என்று அவர்மேற் பழி சுமத்தப்பெறுகின்றது. இஃது அறிவின் குறையன்று. பயிற்று மொழியின் குறை.

இதனினும் பெரிய இழப்பொன்று உண்டு. தமிழ்வழிப் பயின்றோர்க்கு, நேரடித் தேர்வால் நிரப்பப்பெறும் மாநில அரசுப் பணியிடங்களில் நூற்றுக்கு 20 இடம் ஒதுக்கும் சட்டம் 2010-இல் நிறைவேறியது. பட்டத்தை மட்டும் தமிழில் படித்தாற் போதாது, பள்ளிக் கல்வியும் தமிழ்வழியே அமைந்திருத்தல் வேண்டும் என்று 2020-இல் அச்சட்டம் திருத்தப்பெற்றது. திருத்தம் முறையானதே. ஆயின் அதன் மறுபக்கத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பன்னிரண்டாண்டுகள் தமிழிலேயே படித்த ஏழை உழவரின் மகள், கல்லூரியில் தமிழ்வழி வணிக வகுப்பு இன்மையால் ஆங்கில வகுப்பிற் சேர்கின்றாள். பட்டத்தைத் தகுதியாகக் கொண்ட பணிகளில் அந்த ஒதுக்கீடு அவளுக்கு அன்றே இல்லாமற் போகின்றது. சட்டம் திறந்த கதவைக் கல்லூரி அடைக்கின்றது!

நடுவணரசின் வாயிலோ இன்னும் குறுகியது. பொதுத்துறை வைப்பகங்களின் (வங்கிகளின்) அலுவலர் தேர்வு வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே அமைகின்றன. பட்டயக் கணக்கர் தேர்வையும் ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம், தமிழில் எழுதலாகாது. இந்திக்காரர் தாய்மொழியில் எண்ணி எழுத, தமிழர் மட்டும் அயன்மொழியில் எண்ணி எழுத வேண்டுமாம்! இது போட்டியா, ஒருவர் காலைக் கட்டிவிட்டு நடத்தும் ஓட்டமா?

கேட்டால் கிடைக்கும் என்பதற்குச் சான்றுண்டு. 2019 சூலையில் அஞ்சல் துறைத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடத்தப்பெற்றது. தமிழர் எதிர்ப்பால் இரு நாளில் அத்தேர்வு நீக்கப்பெற்றது. வைப்பக எழுத்தர் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளில் நடத்த 2021-இல் நடுவணரசு இசைந்தது. எழுத்தர்க்கு இயன்றது அலுவலர்க்கு இயலாதா?

'ஆங்கிலமின்றி வணிகமேது?' என்பார் உளர். ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பிக்கட்டும், தடுப்பார் இல்லை. பாடத்தை ஆங்கிலத்தில் நடத்துவது வேறு, ஆங்கிலம் கற்பிப்பது வேறு. யப்பானியரும் கொரியரும் தம் மொழியில் வணிகங் கற்றே உலகச் சந்தையைப் பிடித்தனர். அவ்வளவு தொலைவு போவானேன்? சுமத்திராத் தீவின் பாருசுப் பகுதியில், ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088-இல் கல்வெட்டுப் பொறித்தனர்; அது தமிழ்க் கல்வெட்டு. கடல் கடந்து வாணிகஞ் செய்த தமிழுக்கு விழுப்புரத்தில் கணக்கெழுதத் தெரியாதா?

எனவே, விழுப்புரம், திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிகள் தொடங்கித் தமிழ்நாட்டின் ஒவ்வோர் அரசுக் கல்லூரியிலும் வணிகப் பட்ட வகுப்புகள் தமிழ்வழியிலும் நடத்தப்பெறல் வேண்டும். அவற்றுக்குரிய பாடநூல்களை அரசே ஆக்கித் தரல் வேண்டும். அலுவலர் தேர்வும் கணக்கர் தேர்வும் தமிழில் நடைபெறல் வேண்டும். தமிழை வாழ்த்தினால் மட்டும் தமிழ் வாழாது. தமிழிற் படித்தவர்க்கு வாழ்வு கிடைத்தால்தான் தமிழ் வாழும். ஊர்தோறும் இதனை எடுத்துரைப்போம், கல்லூரிதோறும் கேட்போம், பெறும் வரை ஓயோம்!