புகார் வந்தால்தான் சட்டம் விழிக்குமா?

பணியிடத்தில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் சட்டங்களுக்கு இந்தியாவில் பஞ்சமில்லை. 1976-இல் சம ஊதியச் சட்டம், 2013-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2019-இல் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பட்டியல் நீள்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, சம ஊதியச் சட்டத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. இவற்றில் எது பலன் தந்தது, எது ஏட்டோடு நின்றது என்று பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்கட்டும் என்று காத்திருக்கும் சட்டம் பெரும்பாலும் உறங்குகிறது. புகார் இல்லாமலே கண்காணிக்க வழியுள்ள இடத்தில்தான் அது வேலை செய்கிறது.

கூலியில் இது பளிச்சென்று தெரியும். ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் வரப்பு வெட்டுவதும் மூட்டை தூக்குவதும் ஆண் வேலை, நாற்று நடுவதும் களையெடுப்பதும் பெண் வேலை என்று கிராமங்களில் ஏற்கெனவே பிரிந்திருந்தது. ‘வேலையே வேறு’ என்ற ஒற்றைக் காரணத்தில் இரண்டு கூலி நீடித்தது. கேள்வி கேட்டால் மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பதால், கேட்கும் துணிச்சலும் அரிதாக இருந்தது. 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் இந்தச் சிக்கலே எழவில்லை. ஆண், பெண் இருவருக்கும் ஒரே கூலி விகிதத்தை அரசே அறிவித்தது; பயனாளிகளில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் விதித்தது. தமிழ்நாட்டில் அந்தப் பங்கு ஐந்தில் நான்கையும் தாண்டியது.

வேலைக்கு ஆள் எடுக்கும் கட்டம் இன்னும் கடினமானது. அங்கே நடப்பதற்குச் சாட்சி கிடையாது. விண்ணப்பம் ஏன் ஒதுக்கப்பட்டது என்பது விண்ணப்பித்தவருக்கே தெரியாது. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறு வழியில் கண்டுபிடித்தது. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை, உயர்சாதிப் பெயரிலும் தலித் பெயரிலும் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயர்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. பெயரோடு சாதியைச் சேர்க்காத தமிழ்நாட்டில், எந்த ஊர், எந்தத் தெரு என்ற கேள்விகளே அந்த வேலையைச் செய்துவிடும்.

சட்டத்தின் பெரிய ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது. அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு அரசு வேலையில் சமவாய்ப்பை உறுதி செய்கிறது. தனியார் துறையை அது தொடுவதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றவியல் சட்டம். நேர்காணலில் சத்தமில்லாமல் நடக்கும் ஒதுக்கலைக் குற்ற வழக்குக்குத் தேவையான அளவுக்கு நிரூபிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். எல்லா வகைப் பாகுபாட்டையும் உள்ளடக்கும் மசோதா ஒன்றை மக்களவையில் சசி தரூர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் அருகிலுள்ள பாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டும், வேலை கிடைக்காத பெண் தொடுத்த வழக்கால் வெளிச்சத்துக்கு வரவில்லை. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புலனாய்வே அதை வெளிக்கொண்டுவந்தது. பாக்ஸ்கான் குற்றச்சாட்டை மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டித் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தச் சட்டம் வந்து அப்போது 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நல்ல நோக்கமுள்ள சட்டமும், செலவை யார் தலையில் வைக்கிறது என்பதைப் பொறுத்துத் திசைமாறக்கூடும். 2017-இல் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வரும் தொழிலாளர்களுக்கு விடுப்புக் கால ஊதியத்தைக் காப்பீட்டுக் கழகம் தருகிறது. மற்றவர்களுக்கு முழுச் செலவும் முதலாளியுடையது. இளம்பெண்ணை வேலைக்கு எடுக்கவே தயங்கும் நிலையை இது உண்டாக்கும் என்ற கவலை அப்போதே எழுந்தது. அரசும் காப்பீடும் செலவைப் பகிர்ந்துகொண்டால் அந்தத் தயக்கத்துக்கான காரணம் குறையும்.

பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த நெறிமுறைகளின் தொடர்ச்சி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். குழுவை அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் குழுவை நியமிப்பவரே முதலாளிதான். வெளியிலிருந்து வரும் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பவரும் அவரே. 30 தேசிய விளையாட்டுக் கூட்டமைப்புகளில் 16-இல் குழு இல்லை என்ற செய்தியை 2023-இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டி, சட்ட அமலாக்கத்தில் கடுமையான குறைபாடுகள் இருப்பதாகச் சொன்னது.

மாற்று வழிக்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம்பெண் 2021-இல் கொல்லப்பட்டதை அடுத்து, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் நடத்திய போராட்டம் 2022-இல் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ ஆனது. ஆலை நிர்வாகத்தோடு எச் அண்டு எம் போன்ற கொள்முதல் நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றார்கள். பாலினத்தோடு சாதியும் ஒப்பந்தத்துக்குள் வந்தது. ஆலை வாக்கை மீறினால் ஆர்டர் குறையும் என்ற பயம், 50,000 ரூபாய் அபராதத்தைவிட வலிமையானது.

ஆக, தேவைப்படும் திருத்தங்கள் தெளிவானவை. பிரிட்டனில் 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் 2017 முதல் ஆண்–பெண் ஊதிய இடைவெளியை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அத்தகைய கணக்கை இங்குள்ள பெரிய நிறுவனங்களிடமும் கேட்கலாம். அந்நாட்டின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, பாகுபாடு நடந்திருக்கலாம் என்று காட்டும் ஆதாரம் முன்வைக்கப்பட்டால், நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளிக்குப் போய்விடும். தனியார் வேலையில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் உரிமையியல் சட்டம் வேண்டும். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஆய்வாளர் ‘வழிகாட்டுநர்’ என்ற பொறுப்பையும் ஏற்றிருக்கிறார். ஆய்வு செய்யும் அதிகாரம் அதில் கரைந்துவிடக் கூடாது. பாகுபாட்டைக் கண்டுபிடிக்கும் வேலை, வேலை பறிபோகும் என்று அஞ்சுபவரின் பொறுப்பாக இருக்கும்வரை இன்னொரு சட்டம் வந்தும் பயனில்லை. அந்தப் பொறுப்பை அரசும் நிறுவனங்களும் ஏற்கும்படி சட்டம் மாற வேண்டும்.