சிவப்பு காய்வதற்குள்

பினாங்கின் பாலிக் புலாவில் நண்பர் ஒருவருடைய வீட்டின் பின்னால் இரண்டு சாதிக்காய் மரங்கள் நிற்கின்றன. போன மாதம் போயிருந்தபோது அவருடைய அம்மா மூன்று காய்களைப் பறித்துவந்து நீட்டினார். ஒன்று வெடித்திருந்தது. நான் மூடியிருந்த காயில் கை வைத்தேன்.

“வெடிச்சத எடுத்துக்கோ தம்பி. மூடிக்கிட்டிருக்கிறதுல வரையறதுக்கு என்ன இருக்கு?” என்றார்.

பிறகு மூன்றையுமே பழைய தமிழ் நேசன் தாளில் சுற்றிக் கொடுத்தார். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன நாளிதழ் இன்னும் அந்த வீட்டு அலமாரித் தட்டுகளில் விரிந்து கிடக்கிறது.

401இ பஸ்ஸில் ஜார்ஜ்டவுன் திரும்பும் வழியெல்லாம் பொட்டலத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். வெடித்த காயின் தோல் வெளிர்மஞ்சள். உள்ளே எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும் கரும்பழுப்புக் கொட்டை. அதைக் கிளைகிளையாகப் பற்றிக்கொண்டிருக்கும் சாதிபத்திரி நல்ல ரத்தச் சிவப்பு. மளிகைக்கடை டப்பாவில் பழுப்பாகக் கிடக்கும் பத்திரியை மட்டும் கண்டவர்கள் இந்தச் சிவப்பை நம்ப மாட்டார்கள். காயக் காய அது ஆரஞ்சாகி, பிறகு மங்கிப்போகும். ஆகவே வீடு சேர்ந்ததும் சாப்பிடக்கூட உட்காரவில்லை.

300 கிராம் தாள், மழமழப்பானது. எச்பி பென்சிலால் கோட்டுருவம் போட்டேன். இந்தக் கட்டத்தில் கை அழுந்தக் கூடாது. அழுந்தினால் தாளில் பள்ளம் விழும். பின்னால் எத்தனை வர்ணம் தீட்டினாலும் அந்தப் பள்ளம் வெள்ளைக் கோடாகப் பல்லைக் காட்டும். கோடு சரியாக வந்ததும் பிசையும் ரப்பரால் ஒற்றி ஒற்றி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக மங்க வைத்தேன்.

அடுத்தது நீர்வர்ணம். தோலுக்கு மஞ்சள், பத்திரிக்கு இளஞ்சிவப்பு, இரண்டும் கஞ்சித்தண்ணீர் மாதிரி நீர்க்க. இதை முதலிலேயே முடித்துவிட வேண்டும். கலர் பென்சிலின் மெழுகு ஏறிய தாளில் நீர்வர்ணம் சேம்பிலைத் தண்ணீர்தான், ஒட்டாது. பினாங்கு ஈரக்காற்றில் தாள் காய மின்விசிறியும் ஒரு கோப்பியும் தேவைப்பட்டன.

பத்திரியின் சிவப்பை ஆறு அடுக்காக ஏற்றினேன். மேலே ஆரஞ்சுச் சாயல், நடுவில் சுத்தச் சிவப்பு, மடிப்புகளில் கருஞ்சிவப்பு. மடிப்பின் ஆழத்துக்குக் கறுப்பைத் தொடவே இல்லை, பச்சை போட்டேன். சிவப்பின் மேல் மெல்லியதாகப் பச்சை விழுந்தால் அது பச்சையாகத் தெரியாது, இருட்டாகத் தெரியும். கொட்டைக்கும் கறுப்பு இல்லை. கரும்பழுப்பும் கருநீலமும் மாறி மாறி. கறுப்புப் பென்சில் பெட்டியில் இருப்பது கையெழுத்துப் போட மட்டும் என்பது என் கட்சி. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

என் ஃபேபர்-காஸ்டெல் பாலிக்ரோமோஸ் பென்சிலின் உடம்பில் சின்ன நட்சத்திரங்கள் இருக்கும். எத்தனை நட்சத்திரமோ அந்த அளவுக்கு வர்ணம் வெளிச்சத்தைத் தாங்கும். மூன்று இருந்தால் நீண்டகாலம் நிற்கும். 1908-இல் 60 வர்ணங்களோடு வந்த வரிசை, இப்போது 120. நான் பள்ளியில் வரைந்த ரோஜாக்கள் எல்லாம் எங்கள் வீட்டு ஜன்னலோரத்தில் வெள்ளை ரோஜாக்களாகிவிட்டதன் காரணம் நாற்பது வயதில்தான் புரிந்தது.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது நிழலில் சறுக்கினேன். காய்க்குக் கீழே விழும் நிழலை ஒரே மூச்சில் அழுத்தித் தேய்த்துவிட்டேன். தாளில் இருந்த கொஞ்சநஞ்சச் சொரசொரப்பும் அடைபட்டு அந்த இடம் மெழுகுத்துணி போல மின்னியது. மேலே வர்ணம் ஏறவில்லை, வழுக்கியது. பிளேடால் சுரண்டினேன். தாள் பஞ்சு பஞ்சாகக் கிளம்பியது. இரண்டு நாள் வேலை. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

மேசையில் அந்தப் பொட்டலத் தாள் கிடந்தது. காய்ப்பால் பட்டு ஓரங்களில் கறை பிடித்திருந்தது. நிஜக் காய் அந்தத் தாளின் மேல்தானே உட்கார்ந்திருக்கிறது! ஒரு துண்டைக் கையாலேயே கிழித்து, காயத்தின் மேல் ஒட்டினேன். நிழலை அதன் மேல் தீட்டினேன். செய்தித்தாள் பென்சிலை என்னமாய் வாங்கிக்கொள்கிறது! எழுத்துகளின் மேல் நிழல் படிந்து, காய் சட்டென்று கனத்து உட்கார்ந்தது.

இதற்குக் கலப்பு ஊடகம் என்று பெயர். பினாங்குக்காரர்களுக்குப் பெயர் தெரியாவிட்டாலும் சரக்கு தெரியும். 2012-இல் ஓவியர் எர்னஸ்ட் ஜக்காரெவிச் ஆர்மீனியன் தெருச் சுவரில் இரண்டு பிள்ளைகளை வர்ணத்தில் வரைந்து, அவர்கள் ஏறிக்கொள்ள நிஜ சைக்கிளை நிறுத்திவைத்தாரே, அதுதான். பாலிக் புலாவ் கடைவீதியிலும் ரஷ்ய ஓவியர் யூலியா வோல்ச்கோவாவின் பெரிய சுவரோவியங்கள் இருக்கின்றன. அவை வெறும் வர்ணத்தாலேயே நிற்பவை, கை தேர்ந்த வேலை. ஆனாலும் கூட்டம் சைக்கிளிடம்தான். தொட்டுப் பார்க்கலாம் அல்லவா.

செய்தித்தாள் சில வருடங்களில் மஞ்சளாகி நொறுங்கும் என்று தெரியும். ஓவியம் முறையாகப் படித்தவர்கள் திட்டுவார்கள். மஞ்சளாகட்டும், காயும்தான் மஞ்சள்.

கடைசியாகக் கொட்டையின் மினுக்கத்துக்கு வெள்ளை ஜெல் பேனாவால் இரண்டு புள்ளிகள். மூன்றாவது வைத்திருந்தால் பொம்மைக் கண்ணாகியிருக்கும். பேனாவை மூடினேன்.

படத்தைச் சட்டம் போட்டு, போன ஞாயிறு அந்த அம்மாவிடம் கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஆறு அடுக்குச் சிவப்பைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நின்றுகொண்டிருந்தேன்.

“மணமகள் தேவைன்னு போட்டிருக்கு” என்றார், நிழலுக்குள் விரலை ஓட்டியபடி. “ஃபோன் நம்பர் இருக்கிற பக்கத்தக் கிழிச்சிட்டியே தம்பி.”