சதவிகிதத்தை எழுதுவது யார்?



40, 75, 80. இந்த மூன்று எண்களையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக் கொள்ளுங்கள். இவை பரீட்சை மார்க் அல்ல. சரக்கு விலையும் அல்ல. கள்ளக்குறிச்சி நகரத்திலும் கல்வராயன் மலையிலும் வாழும் ஒரு மாற்றுத்திறனாளியின் வீட்டில் மாதாமாதம் அரசுப் பணம் வருமா, வராதா என்று தீர்மானிக்கும் எண்கள் இவை.

மருத்துவர் 40 சதவிகிதம் என்று எழுதினால்தான் சட்டம் தரும் பெரும்பாலான சலுகைகளின் வாசல் திறக்கும். தமிழக அரசு வறியவர்களுக்குத் தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1000 ரூபாயிலிருந்து 1500 ரூபாயாக உயர்ந்தது. அதற்கும் இந்த எண் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை 2000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. அதில் தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு ஆகியவற்றுக்கு 40 போதும். 'கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்' என்ற பிரிவில் வருவோருக்கோ 75 வேண்டும். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு 80 சதவிகிதமும் வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு மத்திய அரசின் பங்காகக் கிடைப்பது மாதம் 300 ரூபாய்!

சரி, இந்தச் சதவிகிதம் எங்கிருந்து வருகிறது? டாக்டர் தன் மனம்போல் எழுதுவதில்லை. அவர் கையில் ஓர் அட்டவணை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 56-வது பிரிவுப்படி மத்திய அரசு வெளியிடும் வழிகாட்டி அது. 2018 ஜனவரியில் வந்தது; 2024 மார்ச்சில் திருத்தப்பட்டது. உடம்பைச் சதவிகிதமாகப் பிரிக்கும் அடிப்படை மட்டும் மாறவில்லை. அந்த அட்டவணையை எழுதுவது யார்? டெல்லியில் கூடும் நிபுணர் குழு. அதன் கீழ் வாழ்வது யார்? கருணாபுரத்தில் இருப்பவர், வெள்ளிமலையில் இருப்பவர். இந்த இரு தரப்புக்கும் இடையே ஒரு கடிதமாவது போக வேண்டாமா? இந்தக் கட்டுரை கேட்பது அவ்வளவுதான்.

கண்ணுக்குப் போட்ட கணக்கு

2024 ஜூன் மாதத்தை நம் மாவட்டம் மறக்காது. கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 200-க்கும் மேற்பட்டோர் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளில் கிடந்தார்கள். மெத்தனால் ஈரலில் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் தாக்குவது கண் நரம்பை. உயிர் பிழைத்தும் பார்வையைப் பறிகொடுத்தோர் உண்டு. "குடித்தவனுக்கு என்ன உதவி?" என்று கேட்போர் நம்மிலும் இருக்கலாம். குடியை நாம் ஒருநாளும் ஆதரித்ததில்லை. ஆனால் குருடான தகப்பனின் வீட்டில் பசித்திருக்கும் பிள்ளை என்ன குற்றம் செய்தது?

இப்போது 2018 வழிகாட்டியின் பார்வை அட்டவணையைப் பாருங்கள். ஒரு கண் முழுதும் போய், மறு கண் நன்றாக இருந்தால் 30 சதவிகிதம். எனவே 40-க்குக் கீழே; உதவி இல்லை. இரண்டு கண்ணிலும் கண்ணாடி போட்ட பிறகும் பார்வை 6/60-க்கும் கீழே இறங்கி 3/60 வரை இருந்தால் 70 சதவிகிதம். 3/60 என்றால் என்ன? மற்றவர் 60 மீட்டரில் காண்பதை இவர் 3 மீட்டரில்தான் காண்பார். பஸ்ஸின் ஊர்ப் பலகை தெரியாது; தராசு முள் தெரியாது; ரூபாய் நோட்டைக் கண்ணருகே கொண்டு வந்து பார்க்க வேண்டும். அவருக்கு 70! 75-க்கு ஐந்து குறைவு. 80-க்குப் பத்து குறைவு. 2000 ரூபாயின் கதவும் அடைபட்டது, டெல்லியின் 300 ரூபாய்க் கதவும் அடைபட்டது.

அந்த ஐந்து புள்ளி அவருடைய கண்ணில் இல்லை சகோதரர்களே, காகிதத்தில்தான் இருக்கிறது!

சட்டம் சொல்வது ஒன்று, அளவுகோல் அளப்பது வேறொன்று

2016 சட்டம் மாற்றுத்திறனாளி யார் என்று சொல்லும் இடத்தைப் படித்தால் வியப்பாக இருக்கும். உடலிலோ மனத்திலோ நீண்டகாலக் குறைபாடு உள்ளவர், சுற்றியுள்ள தடைகளோடு மோதும்போது மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் பங்குபெற முடியாமல் போகிறார் என்பதே அதன் கருத்து. அதாவது, குறை பாதி உடலில், மீதி வெளியே. உலக சுகாதார நிறுவனமும் 2001-லேயே இதை ஏற்றுக்கொண்டது.

ஆனால் அட்டவணை வெளியே பார்ப்பதில்லை. மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம், காது எத்தனை டெசிபலில் கேட்கிறது என்று உடலை மட்டும் அளக்கிறது. கால் ஊனமுற்ற இரண்டு பேரை எடுத்துக் கொள்வோம். இருவருக்கும் ஒரே சதவிகிதம். ஒருவர் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் கல்லாவில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார். மற்றவர் கல்வராயன் மலையில் கடுக்காயும் புளியும் சேகரித்து, மேட்டிலும் பள்ளத்திலும் தலைச்சுமையாய்க் கொண்டு வந்து விற்றுப் பிழைத்தவர். முதலாமவருக்குப் பிழைப்பு நிற்கவில்லை. இரண்டாமவருக்கு அடியோடு நின்றுவிட்டது. அட்டவணைக்கு இருவரும் ஒன்று!

உங்கள் மண்டியில் மூட்டை சுமப்பவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு ஒரு தோள் உயராவிட்டால் அந்த வேலை முழுவதும் போயிற்று. ஆனால் அட்டவணை தோளின் பங்கை மட்டும் கணக்கிடும். வேலைக்கு ஆள் வைத்துப் பழகிய உங்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். குழுவில் உட்கார்ந்திருப்போருக்கு யார் சொல்வது?

'வேலையை எல்லாம் எப்படி அளப்பது?' என்பார்கள். அளக்கத் தெரியாதா என்ன! மனநோய்க்கு 'ஐடியாஸ்' என்ற அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தன்னைத் தானே பராமரித்துக் கொள்கிறாரா, பிறரோடு பழகுகிறாரா, பேசிப் புரிந்து கொள்கிறாரா, வேலை செய்கிறாரா என்ற நான்கையும் அதில் கேட்கிறார்கள். ஒரு குறைபாட்டுக்குக் கேட்கத் தெரிந்த கேள்வியை மற்றவற்றுக்கும் கேட்டால் என்ன?

கருத்துக் கேட்டார்கள், தெரியுமா உங்களுக்கு?

கருணாபுரத்தின் கண்ணீர் காயாத அதே 2024-ல், மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளுக்குத் திருத்த வரைவு ஒன்றை மத்திய அரசு வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. அக்டோபரில் அது இறுதி விதியாகிவிட்டது. சான்றிதழ் தருவதற்கு 2017 விதி கொடுத்திருந்த ஒரு மாத அவகாசம் மூன்று மாதமாக நீண்டது. அடையாள அட்டைக்கு 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம் என்று நிறம் பிரித்தார்கள்.

அந்த வரைவு வந்த சேதி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சங்கராபுரத்தில் யார் படித்தார்கள்? சின்னசேலத்தில் யார் பதில் எழுதினார்கள்? மத்திய அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். வெள்ளிமலையில் இருப்பவர் எதைப் படிப்பார்? கேட்கும் பாஷை தெரியாதவனிடம் கேட்டுவிட்டு, 'ஆட்சேபணை வரவில்லை' என்று சொல்வது கேட்டதாகுமா?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சட்ட வரைவுகளையும் விதி வரைவுகளையும் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், பாதிக்கப்படுவோருக்கு எட்டும்படி விளம்பரப்படுத்த வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை வெளியிட வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசே கொள்கை வகுத்திருக்கிறது. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது, அதை எட்டாவது அட்டவணை மொழிகளில் எல்லாம் வெளியிடும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, அவகாசத்தையும் நீட்டித்தது. காட்டுக்கும் ஆற்றுக்கும் கேட்ட நியாயத்தை மனிதனின் கண்ணுக்கும் காலுக்கும் கேட்கக் கூடாதா?

எழுதினால் நடக்குமா?

நடந்திருக்கிறது. 1995 சட்டத்தில் ஊனங்கள் ஏழு. 2016 சட்டத்தில் 21. தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய், பார்க்கின்சன், அமில வீச்சு பாதிப்பு எல்லாம் சேர்ந்தன. பாதிக்கப்பட்டோரும் குடும்பத்தாரும் ஆண்டுக்கணக்கில் கதவைத் தட்டியிராவிட்டால் இது நடந்திருக்காது.

இன்னொன்று. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள ஒரு மாணவருக்கு, 40 சதவிகித ஊனம் இல்லை என்று சொல்லி, சிவில் சர்வீஸ் தேர்வில் உதவி எழுத்தர் மறுக்கப்பட்டார். விகாஷ் குமார் வழக்கு என்று பெயர். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதோடு விடவில்லை, மாற்றுத்திறனாளிகளைக் கலந்து பேசி விதி வகுக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. 40-க்குக் கீழே உள்ளவர்களுக்கான தேர்வு வழிகாட்டி 2022 ஆகஸ்டில் வந்தது. 2024 அக்டோபரில், மருத்துவப் படிப்பு சேர்க்கை வழக்குகளில், சதவிகிதத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தள்ளிவிடக் கூடாது, அவரால் என்ன செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. அது கல்லூரிக்குச் சொன்ன தீர்ப்பு. அந்த நியாயம் உதவித்தொகைக்கும் வர வேண்டும் என்று கேட்பது நம் வேலை.

அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஊன உதவிக்கான மருத்துவப் பட்டியலைத் திருத்தும்போது வரைவை அச்சிட்டு மக்களிடம் கருத்துக் கேட்கிறது. இறுதி விதியோடு அந்தக் கருத்துகளுக்குப் பதிலையும் அச்சிடுகிறது. ஏற்றால் ஏன், மறுத்தால் ஏன் என்று எழுதித் தருகிறார்கள். நாம் கேட்பது அதைவிடப் பெரிதல்ல.

'சட்டத்தைத் தளர்த்தினால் போலிகள் புகுந்துவிடுவார்கள்' என்ற வாதமும் உண்டு. போலிச் சான்றிதழ் இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2024-ல் ஒரு பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரி மீதே அப்படிப் புகார் எழுந்து நாடே பேசியது. ஆனால் போலிச் சான்றிதழ் வாங்குகிறவன் அட்டவணையின் எந்த எண்ணையும் வாங்கிவிடுவான்! எண்ணை உயர்த்துவதால் அவன் தடுக்கப்படுவதில்லை. ஆள் பலம் இல்லாத ஏழைதான் வெளியே நிற்கிறான். ஒருவர் என்ன வேலை செய்தார், இன்று என்ன செய்ய முடிகிறது என்று ஊரில் விசாரித்தால் போலியைப் பிடிப்பதும் சுலபம்.

என்ன எழுத வேண்டும்?

1. ஊன அளவீட்டு வழிகாட்டியும் அதன் திருத்த வரைவும் தமிழில் வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்வைக்கு வைக்க வேண்டும்.

2. உதவித்தொகைக்கு உடல் அளவோடு, செய்த தொழிலும் வாழும் இடமும் கணக்கில் சேர வேண்டும்.

3. 75, 80 என்று ஒரே வெட்டாக வெட்டாமல், சதவிகிதம் கூடக்கூடத் தொகையும் படிப்படியாகக் கூட வேண்டும். ஒரு கண் இழந்த உடலுழைப்பாளிக்கும் அதில் ஒரு படி வேண்டும்.

4. சதவிகிதம் எப்படி வந்தது என்ற கணக்கை மனுதாரருக்குத் தமிழில் தர வேண்டும். 59-வது பிரிவு மேல்முறையீட்டு உரிமை தருகிறது. காரணம் தெரியாமல் எதை எதிர்த்து முறையிடுவது?

5. முன்கூட்டி அறிவித்த நாளில் மருத்துவக் குழு வெள்ளிமலைக்குச் செல்ல வேண்டும். 2019 நவம்பருக்கு முன் மாவட்டத் தலைநகர் விழுப்புரமாக இருந்தது. இன்று அருகில் கள்ளக்குறிச்சியே தலைநகர், சிறுவங்கூரில் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆனாலும் நடக்க முடியாதவர் கச்சிராயபாளையம் வழியாக மலை இறங்கி வந்து, தன்னால் நடக்க முடியாது என்று நிரூபிக்க வேண்டுமா?

வாலிபர்களே! இது உங்கள் பொறுப்பு. உங்கள் தெருவில் ஆறு வீடு ஏறி இறங்குங்கள். பெயர், ஊர், முன்பு செய்த வேலை, மருத்துவர் எழுதிய சதவிகிதம், இன்று செய்ய முடியாமல் போனது என்ன என்ற ஐந்தையும் அவரவர் சொன்னபடி எழுதிக் கொள்ளுங்கள். அச்சடித்த ஒரே கடிதத்தில் ஆயிரம் கையெழுத்து வாங்காதீர்கள். அதை ஒரே கடிதமாகத்தான் எண்ணுவார்கள். வெவ்வேறு வாழ்க்கையைச் சொல்லும் நூறு கடிதங்களை ஒதுக்கித் தள்ளுவது கடினம். அடுத்த வரைவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் ஒரு படி, சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு ஒரு படி, டெல்லியில் மாற்றுத்திறனாளிகள் துறைக்கு ஒரு படி என்று அனுப்புங்கள்.

வணிகப் பெருமக்களே! வெள்ளிக்கிழமை கடை வாசலில் வந்து நிற்போருக்கு நீங்கள் கொடுக்கிறீர்கள். கொடுங்கள், கை சுருங்க வேண்டாம். ஆனால் அவர் உங்கள் வாசலுக்கு வந்ததே அரசு தர வேண்டியது வராததால்தான் என்பதையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் கடையில் ஒரு மேசை, ஒரு பேனா, நகல் எடுக்கவும் தபாலுக்கும் கொஞ்சம் பணம் கொடுத்தால், அவர் கையேந்தாமல் தன் உரிமையைக் கேட்க வழி பிறக்கும்.

மதம் பார்த்து ஊனம் வருவதில்லை. மதம் பார்த்து மனு எழுதவும் வேண்டாம். மலையாளிப் பழங்குடிக்கும், கருணாபுரத்து விதவைக்கும், நம் தெருவில் தையல் மிஷினை விட்டு எழுந்துபோன முதியவருக்கும் ஒரே அட்டவணைதான்.

வரைவு வந்தால் 30 நாள்தான் கிடைக்கும். கடிதங்களை இன்றே எழுதி வைத்துக்கொள்வோம்!